திறந்து காத்தல்

புதிதாக ஒன்றைக் கண்டறிந்தவர் அதன் அமைப்பையும் அது இயங்கும் முறையையும் ஒளிவின்றி எழுதி அரசிடம் ஒப்படைக்க, அதற்கு ஈடாக, பிறர் அதனைச் செய்வதையும் ஆள்வதையும் விற்பதையும் ஒரு குறித்த காலம்வரை தடுக்கும் உரிமையை அரசு அவருக்கு அளிக்குமாயின், அவ்வுரிமை காப்புரிமை எனப்படும். இவ்விலக்கணத்துள் இரண்டு உறுப்புகள் அடங்கியுள்ளன: முன்னது விரித்துரைத்தல், பின்னது விலக்குதல். உலக வழக்கில் பின்னது மட்டுமே நினைவில் தங்கிவிட்டமையால், காப்புரிமை என்றதும் பூட்டிய பேழையே பலர் கண்முன் தோன்றுகிறது. மேலைநாட்டார் இதற்கு வழங்கும் 'பேட்டண்ட்' என்னும் சொல்லோ, 'திறந்திருத்தல்' என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. அரசப் பொறி இடப்பெற்றும் மூடப்படாமல், எவரும் படிக்குமாறு விரித்து விடப்பட்ட திருமுகமே அச்சொல்லின் முதற்பொருள். நம் 'காப்புரிமை' நல்ல சொல். வேரூன்றி நிலைத்துவிட்ட சொல். அதனை மாற்ற வேண்டுவதில்லை. எனினும் அதன் மறுபாதியையும் உடன் நினைவூட்டும்பொருட்டு, 'திறவுக்காப்பு' என்னும் துணைச்சொல்லை இக்கட்டுரையில் ஆள்கிறேன். திறப்பதையே விலையாகக் கொடுத்துப் பெறும் காப்பு என்பது அதன் விரிவு.

இந்திய நாட்டில் இன்று ஆட்சியிலுள்ள காப்புரிமைச் சட்டம் 1970இல் இயற்றப்பெற்று, 1972 ஏப்பிரல் 20ஆம் நாள் நடைமுறைக்கு வந்து, 1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் திருத்தம் பெற்றது. முன்பு இல்லாத புதுமையும், துறை வல்லாருக்கும் எளிதில் தோன்றாத ஆக்கப்படியும், தொழிலில் பயன்படும் தகைமையும் ஒருங்கே அமைந்த ஆக்கத்திற்கே அச்சட்டம் உரிமை தரும். வேண்டுகை பதிந்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் அவ்வுரிமை நிற்கும். ஆனால் 18 திங்கள் கழிந்ததும் விரித்துரை ஊரறிய வெளியிடப்படும். இவ்விரண்டு கால அளவுகளையும் அருகருகே வைத்து நோக்கினால் சட்டத்தின் உட்கருத்து விளங்கும். பொருளைச் செய்து விற்கும் உரிமை 20 ஆண்டுகள் ஒருவரிடம் நிற்க, அப்பொருளைப் பற்றிய அறிவு ஒன்றரை ஆண்டில் எல்லாரிடமும் சென்று சேர்ந்துவிடுகிறது. அதனைப் படிக்கலாம், ஆராய்ச்சிக்காகச் செய்து பார்க்கவும் சட்டத்தின் 47ஆம் பிரிவு இடம் தருகிறது, அதனினும் மேம்பட்ட ஒன்றைக் கண்டு தனியே உரிமை கோரலாம்.

தொழிலறிவைப் பேணும் முறைகளை நான்காக வகுக்கலாம். எவருக்கும் சொல்லாமல் வைத்திருப்பது மறைகாப்பு. எழுதிக் கொடுத்துக் காலவரையறையுடன் காத்துக்கொள்வது திறவுக்காப்பு. அறிவை விட்டுவிட்டு அதன் பெயரையும் தோற்றத்தையும் காப்பது குறிகாப்பு. வணிகக் குறி, வடிவுரிமை, புவிசார் குறியீடு ஆகியவை இதன் பிரிவுகள். எவரும் எடுத்தாளுமாறு விட்டுவிடுவது பொதுவிடுகை. மறைகாப்புக்குக் கால எல்லை இல்லை. ஆயினும் ஒருமுறை கசிந்தால் அதனை மீட்க எந்தச் சட்டத்தாலும் இயலாது. திறந்த கூட்டாக்கம் என்பதோ இந்நான்கினும் வேறான ஒரு வினைமுறை. ஒரே நிறுவனத்தைச் சாராத பலர் தத்தம் உழைப்பை ஒரு பொதுப்பொருளின்மேல் இட்டு, விளைந்ததை அனைவரும் கொள்ளுமாறு விடுவதே அது. இதனை நிறுவனங்கள் ஈகை நோக்கில் செய்வதாக எண்ணுவது பிழை. எதனைத் திறந்தால் தம் தொழில் வளரும், எதனைக் காத்தால் தம் முதலீடு மீளும் என்னும் கணக்கே அவற்றை நடத்துகிறது. அக்கணக்கின் நெறி யாது என்பதே நாம் ஆராயும் பொருள்.

அந்நெறியைக் கண்ணாற் காண விழைவோர் ஆரணிக்குச் செல்லலாம். திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த இவ்வூரும், இதனைச் சூழ்ந்த ஒண்ணுபுரம், தேவிகாபுரம் முதலிய ஊர்களும் பட்டு நெசவால் பெயர் பெற்றவை. வெயில் ஏறுமுன் அங்குள்ள தெரு ஒன்றில் பாவு விரிக்கக் கண்டேன். இரண்டு மூன்று புடவைகளின் நீளத்திற்குப் பட்டிழைகள் தெருவின் நடுவே நீண்டு கிடந்தன. கவைக்கோல்கள் அவற்றைத் தாங்கின. ஒருவர் கஞ்சி தெளிக்க, மற்றொருவர் அறுந்த இழைகளைத் தேடிப் பிணைத்துக்கொண்டே நகர்ந்தார். "அந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க மாமா" என்ற குரல் கேட்டதும், வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்த எதிர்வீட்டு முதியவர் குச்சியைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்து கோலின் முனையைப் பற்றினார். அப்பாவு அவருடையதன்று, அதனால் அவருக்குக் கூலியும் இல்லை. நாளை அவருடைய பாவு தெருவுக்கு வரும்போது இந்த இளைஞர் வந்து பிடிப்பார். இழை எத்துணை நெருக்கம், எந்தக் கட்டில் எந்த நிறம், அறுந்ததை எவ்வாறு முடியிட்டால் அச்சில் சிக்காது என்பனவெல்லாம் தெருவே பார்த்திருக்க நடக்கின்றன.

அதே வீட்டின் உள்ளே தறிக்குழிக்கு மேலே பரணில், பழைய வேட்டித் துணியில் சுற்றிய கட்டு ஒன்று இருந்தது. துளையிட்ட அட்டைகளை நூலால் வரிசையாகக் கோத்து மடித்த கட்டு அது. அருகில் சென்று பார்க்கலாமா என்று கேட்டேன். "முதலாளி குடுத்த டிசைனுங்க. சீசன் முடியறவரைக்கும் வெளியே காட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு" என்று நெசவாளர் சிரித்த முகத்தோடு மறுத்தார். தெருவில் கிடக்கும் பாவுக்குக் காவல் இல்லை. பரணில் இருக்கும் அட்டைக்குத் துணியும் உறுதிமொழியும் காவல். ஒரே புடவையின் இரண்டு கூறுகளை அவ்வீடு இருவேறு முறைகளில் பேணுகிறது.

இப்பாகுபாட்டிற்குத் தறியிலிருந்தே பெயரெடுக்கலாம். நீளவாட்டில் நின்று எல்லா வினைக்கும் அடிப்படையாய் அமையும் பொது அறிவைப் பாவறிவு என்றும், குறுக்கே பாய்ந்து ஒருவருடைய துணியை மற்றவருடைய துணியினின்று வேறுபடுத்தும் தனி அறிவை ஊடையறிவு என்றும் வழங்குவேன். பாவறிவை ஒருவர் தனியே ஆக்குவதற்குச் செலவு மிகுதி. பலர் கைகொடுத்தால் செலவு குறையும், பிழையும் விரைவில் தென்படும். ஊடையறிவோ, அதனை ஈன்றவர் தம் உழைப்பின் பயனை அடையும் முன் பிறரால் படியெடுக்கப்படுமாயின், மறுமுறை ஈனப்படுவதில்லை. எது பாவு, எது ஊடை என்று சரியாகப் பிரித்தறிவதே நிறுவனத்தின் திறன். அப்பிரிப்பு என்றும் ஒரே இடத்தில் நிற்பதன்று. நேற்றைய ஊடை இன்றைய பாவாக மாறுவதே அறிவு வளரும் முறை. அம்மாற்றத்திற்கு நாள் குறிப்பதே காப்புரிமையின் பணி.

பட்டின் வரலாற்றில் இம்மாற்றம் பலமுறை நிகழ்ந்துள்ளது. பட்டுப்புழு வளர்க்கும் அறிவைச் சீனர் நெடுங்காலம் மறைகாப்பில் வைத்திருந்தனர். ஆறாம் நூற்றாண்டின் நடுவில், யசுட்டினியன் பேரரசரின் காலத்தில், துறவியர் சிலர் புழுமுட்டைகளைக் கைத்தடியின் உள்ளீட்டில் ஒளித்துக் காண்சுடாண்டினோபிள் நகருக்குக் கொணர்ந்தனர் என்பது மரபுச் செய்தி. மேலைநாட்டளவில் அந்த மறை அன்றோடு உடைந்தது. பின்னர் இத்தாலியின் பீட்மாண்டுப் பகுதியினர், நீராற்றலால் பட்டிழை முறுக்கும் பொறியைத் தமக்குள்ளேயே வைத்திருந்தனர். சான் லோம்பு என்னும் ஆங்கில இளைஞர் அங்குச் சென்று அதன் அமைப்பை வரைந்து கொண்டுவர, அவருடைய உடன்பிறந்தாரான தாமசு லோம்பு 1718இல் இங்கிலாந்தில் 14 ஆண்டுக் காப்புரிமை பெற்று, டெர்பி நகரில் ஆற்றங்கரையில் பேராலை ஒன்றை நிறுவினார். பிறரிடமிருந்து கவர்ந்து வந்த மறைக்கு உரிமை வழங்கியது இன்றைய அளவுகோலால் அளந்தால் முறையாகாது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். ஆயினும் அதன் முடிவு ஆழ்ந்து நோக்கத் தக்கது. 1732இல் காலம் முடிந்து தாமசு நீட்டிப்பு வேண்டியபோது, நாடாளுமன்றம் அதனை மறுத்தது. மறுத்ததற்கு ஈடாக 14,000 பவுன் அளித்தது. அளித்த தொகைக்கு ஈடாக, அப்பொறியின் சிற்றுருவைச் செய்து பிறர் காணுமாறு வைக்க வேண்டும் என்றது. தனியுரிமையைப் பொதுப்பணம் கொடுத்து வாங்கிப் பொதுவாக்கும் வழி அங்குத் தெளிவாகத் தோன்றிவிட்டது.

அவ்வழியை முழுமையாக நடந்து காட்டியது பிரான்சு நாட்டின் லியோன் நகரம். பூவேலைத் துணியில் எந்த ஊடைக்கு எந்தப் பாவிழைகள் மேலெழ வேண்டும் என்பதைக் கையால் இழுத்துக் கொடுப்பதற்குப் பழைய தறியில் ஓர் ஆள் தனியே வேண்டும். அவ்வேலையைப் பொறியிடம் ஒப்படைக்க நால்வர் முயன்றனர். 1725இல் பேசில் பூசோன் துளையிட்ட தாள்சுருளைப் பயன்படுத்தினார். 1728இல் பால்கோன் என்பவர் சுருளை விலக்கி, ஒன்றோடொன்று கோத்த அட்டைகளைக் கொணர்ந்தார். 1745இல் வோக்கான்சோன் இழுக்கும் ஆளே வேண்டாத தறியமைப்பை ஆக்கினார். அது வழக்கத்திற்கு வரவில்லை. பாரிசு நகரின் கைவினை, தொழிற்கலைக் காப்பகத்தில் கிடந்த அந்தப் பழைய தறியைக் கண்டு, ஆராய்ந்து, பால்கோனின் அட்டையையும் அதனோடு பொருத்தி 1804இல் வென்றவர் சோசப்பு மாரி சக்கார்டு. எண்பது ஆண்டுத் தொலைவில் நின்ற நால்வரின் கூட்டாக்கம் அது. ஒருவர் செய்ததை அடுத்தவர் பார்க்க முடிந்தமையால் மட்டுமே நிறைவேறியது. அக்காப்பகம் வோக்கான்சோனின் தறியை எவர் கண்ணிலும் படாமல் பூட்டி வைத்திருக்குமாயின், அல்லது அவர் அதனைத் தம்மோடு புதைத்திருப்பாராயின், இன்று ஆரணியின் தறிமேல் அமர்ந்திருக்கும் பெட்டி பிறந்திராது.

நெப்போலியனின் அரசு அப்பொறியின் உரிமையை லியோன் நகரத்திற்கு உரித்தாக்கியது. சக்கார்டுக்கு ஆண்டொன்றுக்கு 3,000 பிராங்கு வாழ்நாள் ஊதியமும், குறித்த ஆண்டுகள்வரை விற்கும் ஒவ்வொரு தறிக்கும் 50 பிராங்கு உரிமத்தொகையும் வகுக்கப்பட்டன. செய்வதற்கு எவருக்கும் தடை இல்லை. செய்வோர் ஆக்கியவருக்கு ஒரு சிறு பங்கு தர வேண்டும். வேலை பறிபோகும் என்று அஞ்சிய நெசவாளர் முதலில் அப்பொறிகளை உடைத்தனர். அந்த அச்சம் பொருளற்றதன்று. தறியில் இழுத்துக் கொடுத்த சிறுவரும் பெண்டிரும் மெய்யாகவே வேலை இழந்தனர். எனினும் 1812இல் பிரான்சில் 11,000 சக்கார்டுத் தறிகள் ஓடின என்று வரலாற்றாசிரியர் கணக்கிடுவர். தனியொருவர் கையில் இருபதாண்டு பூட்டி வைத்திருந்தால் இத்துணை விரைவாக அது பரவியிருக்குமா என்பது ஐயமே.

ஆரணி நெசவாளர் நாவில் 'ஜக்காடு' என்று வழங்கும் அப்பெட்டியைச் சற்று அண்மையில் நின்று நோக்குவோம். 240 கொக்கிப் பெட்டி ஒன்றில் 240 கொக்கிகள் நிமிர்ந்து நிற்கின்றன. கொக்கி ஒவ்வொன்றும் கிடையாக அமைந்த ஓர் ஊசியின் வளையத்தில் புகுந்துள்ளது. நாற்பக்க உருளை ஒரு முறை புரண்டு ஓர் அட்டையைக் கொணர்ந்து ஊசிமுனைகளின்மேல் அழுத்துகிறது. துளை உள்ள இடத்தில் ஊசி உட்புக, அதன் கொக்கி தன் நிலையில் நின்று, மேலெழும் கத்தியில் மாட்டிக்கொண்டு பாவிழையைத் தூக்குகிறது. துளை இல்லாத இடத்தில் ஊசி பின்தள்ளப்பட, கொக்கி கத்தியைத் தவறி இழை கீழேயே கிடக்கிறது. அட்டை ஒன்றுக்கு ஊடை ஒன்று. ஆகவே ஒரு பூ 200 ஊடைகளில் நிறைவுறுமாயின், அதற்கு 200 அட்டைகள் வேண்டும். உண்டு, இல்லை என்னும் இரண்டு நிலைகளால் ஆயிரம் வடிவங்களையும் எழுத இயலும் என்பதே இங்குள்ள கொள்கை. பெட்டி எல்லாப் பூவுக்கும் பொது. அட்டை ஒரு பூவுக்கே உரியது. பொறியையும் அதற்கிடும் ஆணையையும் இரண்டாகப் பிரித்த இப்பிரிப்பு, பின்னாளில் வன்பொருள், மென்பொருள் என்று நாம் பெயரிட்டவற்றின் முன்னோடி.

இந்த அட்டையைப் பார்த்தே சார்லசு பாபேசு தம் பகுப்புப் பொறிக்குத் துளையட்டைகளைத் திட்டமிட்டார். துளையட்டைகளைக் கொண்டே எர்மன் ஆலரித்து 1890ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை எண்ணும் பொறிகளை ஆக்கினார்; அவர் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அவர் நிறுவிய தொழில் வேறு நிறுவனங்களோடு இணைந்து, 1924இல் ஐ.பி.எம். என்னும் பெயரை ஏற்றது. 1993 தொடங்கி 29 ஆண்டுகள் அமெரிக்காவில் ஆண்டுதோறும் மிகுதியான காப்புரிமைகளைப் பெற்ற நிறுவனம் அதுவே. அத்தகைய நிறுவனம் 2005 சனவரித் திங்களில், தன் காப்புரிமைகளுள் 500ஐத் திறமூல மென்பொருள் ஆக்குவோர் எவரும் தடையின்றி ஆளலாம் என்று உறுதியளித்தது. பேரளவு காப்பவரே திறக்க முன்வந்தது எதனால்? இலினக்சு என்னும் இயங்குதளம் அதற்குள் கணினித் தொழிலின் பாவாகிவிட்டது; அதன்மேல் எவரேனும் காப்புரிமை வழக்குத் தொடுத்து அறுத்தால், அதன்மேல் நெய்யும் எல்லா நிறுவனங்களின் துணியும் குலையும். பொதுப்பாவைக் காப்பது தன் ஊடையைக் காப்பதற்கும் முற்படு தேவையாயிற்று.

அதே 2005இல் ஐ.பி.எம்., நோவெல், பிலிப்சு, ரெட்கேட்டு, சோனி ஆகிய நிறுவனங்கள் ஒன்றுகூடிக் 'காப்புரிமைக் குளம்' ஒன்றை வெட்டின. அக்குளத்தில் சேரும் எவரும் இலினக்சின்பால் தம் காப்புரிமையை ஏவுவதில்லை என்று உறுதி கூற வேண்டும். கூறியவர் குளத்திலுள்ள காப்புரிமைகளை உரிமத்தொகை இன்றி ஆளலாம். ஊர்க்குளத்தில் நீர் முகப்பவர் அதில் நஞ்சு கலவாமை வேண்டும் என்னும் கட்டுப்பாட்டை ஒத்தது இது. திறமூலத்தோடு நெடுங்காலம் முரணி நின்ற மைக்ரோசாப்டு நிறுவனம் 2018இல் தன்னிடமிருந்த ஏறத்தாழ 60,000 காப்புரிமைகளுடன் அக்குளத்தில் இறங்கியது. உரிம ஆவணங்களிலும் இக்கருத்து எழுதப்பட்டுள்ளது. 2004இல் வெளிவந்த அப்பாச்சி உரிமத்தின் இரண்டாம் பதிப்பின்படி, ஒரு நிரலைப் பொதுவுக்குத் தருபவர் அதனுள் அடங்கிய தம் காப்புரிமைக்கான இசைவையும் உடன் தருகிறார். அதனைப் பெற்றவர் அந்நிரலின்மேல் காப்புரிமை வழக்குத் தொடுத்தால், அந்நாளே அவர் பெற்ற காப்புரிமை இசைவு அற்றுப்போகிறது. காப்புரிமை இங்கு ஒழிக்கப்படவில்லை என்பதைக் கருத வேண்டும். உரிமை இருப்பதனால்தான் அதனைக் கட்டுறவோடு, அதாவது கட்டுப்பாடு விதித்து, கொடுக்க முடிகிறது. கொடுக்க முடிவதால்தான் பெற்றவரை முறைதவறாமல் நடத்த முடிகிறது.

தமிழ்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கணினித் துறையில் பேராசிரியர் காமகோடி தலைமையில் ஆக்கப்பெற்ற 'சக்தி' செயலிகளின் வடிவமைப்பு நிரல் எவரும் எடுத்தாளுமாறு திறந்து வைக்கப்பட்டுள்ளது. 2018இல் அவ்வரிசையின் முதற் சில்லுகள் வார்த்தெடுக்கப்பட்டன. அச்செயலிகள் புரிந்துகொள்ளும் மொழி, அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் 2010இல் தொடங்கப்பெற்ற 'ரிசுக்-ஃபைவ்' என்னும் திறந்த கட்டளைத் தொகுதி. இம்மொழியை ஆள எவருக்கும் உரிமத்தொகை செலுத்த வேண்டுவதில்லை. ஆயினும் அம்மொழியைப் புரிந்துகொள்ளும் செயலியைத் தன் திறத்தால் விரைவுபடுத்தும் நிறுவனம், அவ்விரைவின் நுட்பத்திற்குக் காப்புரிமை பெறுவதை எவரும் தடுப்பதில்லை. கட்டளைத் தொகுதி பாவு. செயலியின் உள்ளமைப்பு ஊடை. சென்னைக் கழகம் உள்ளமைப்பையும் சேர்த்தே திறந்தது, நம் நாட்டுத் தொழில்முனைவோர் அடிப்படையிலிருந்து தொடங்க நேராமல் மேல்தளத்திலிருந்து தொடங்கட்டும் என்னும் நோக்கில். அதனை நான் பெருமையோடு எழுதுகிறேன்.

திறப்பதில் ஓர் இடர் உண்டு. அதனை மறைத்துப் பேசுதல் தகாது. எழுதி வைக்காமல் திறந்து விட்டதைப் பிறர் தமதென்று எழுதிக்கொள்ளக் கூடும். 1995இல், மஞ்சளைப் புண் ஆற்றப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் வீட்டு அடுக்களையில் பிள்ளையின் முழங்காலில் நாள்தோறும் தாய் வைக்கும் மருந்து அது! இந்திய அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களையும், 1953இல் இந்திய மருத்துவ இதழொன்றில் வெளிவந்த கட்டுரையையும் காட்டி எதிர்த்தது. 1997இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. 'தாய்மார் அறிவர்' என்பது சான்றாகக் கொள்ளப்படவில்லை. அச்சில் இருந்ததே வென்றது. ஒரு காப்புரிமையின் புதுமையை மறுக்க எடுத்துக்காட்டும் இத்தகைய முந்தைய பதிவை 'முன்னறிவு' என்று குறிப்போம். இப்படிப்பினைக்குப் பின், 2001இல் மரபறிவு எண்மிய நூலகம் தொடங்கப்பட்டது. தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களின் மருந்துமுறைகள் அங்கு ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், சப்பானியம், எசுப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் பெயர்த்து வகைப்படுத்தப்பட்டு, அயல்நாட்டுக் காப்புரிமை அலுவலர் பார்க்குமாறு வைக்கப்பட்டுள்ளன. நம் காப்புரிமைச் சட்டமும் மரபறிவாக உள்ளதற்கு உரிமை இல்லை என்று மூன்றாம் பிரிவின் 'பி' (p) உட்பிரிவில் கூறுகிறது. ஓலையில் தமிழால் எழுதிய ஒரு வரி, கடல்கடந்த அலுவலகத்தில் ஒரு தவறான உரிமையைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் பெற்றிருப்பது, தமிழ் அறிவியல் மொழியாகுமா என்று இன்னும் ஐயுறுவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

ஆரணியின் நெசவு மரபறிவு, ஆதலால் அதற்குக் காப்புரிமை இல்லை, இருத்தலும் கூடாது. அதற்குப் பொருந்துவது குறிகாப்பு. 1999இல் இயற்றப்பெற்று 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ், சென்னைக் கிண்டியிலுள்ள பதிவகத்தில் 'ஆரணிப் பட்டு' பதிவு பெற்றுள்ளது. கோவையின் மாவரைக்கும் கிரைண்டரும் பவானியின் சமக்காளமும் அப்பட்டியலில் உடன் உள்ளன. இச்சட்டத்தின் நுட்பம் அதன் 24ஆம் பிரிவில் விளங்குகிறது: குறியீட்டை விற்கவோ, அடகு வைக்கவோ, பிறர்க்கு உரிமமாக எழுதித் தரவோ எவராலும் இயலாது. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து எத்தனை தலைமுறைக்கும் நீட்டலாம். ஊரார் அனைவரும் சேர்ந்து உடைமை கொண்டு, எந்த ஒருவரும் தனித்து விற்க முடியாத ஒன்று. தெருவில் விரித்த பாவுக்குச் சட்டம் தந்த வடிவம் இது என்பேன். ஆயினும் இதனைச் செயலில் காப்பது ஊராரின் கையிலேயே உள்ளது. விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்றும், வேற்றூரில் நெய்ததை ஆரணி என்றும் விற்கும் கடைமுன் நின்று கேட்பதற்கு ஆளும் பணமும் வேண்டும். பதிவுச் சான்றைச் சட்டமிட்டு மாட்டி வைத்தால் குறியீடு தானே காவல் செய்யாது. கேட்க ஆளில்லாத ஊரில் அப்பெயர் விலையிழந்துபோகும்.

பரணில் உள்ள அட்டைக்கட்டின் நிலை வேறு. புதிய வடிவத்திற்கு 2000ஆம் ஆண்டின் வடிவுரிமைச் சட்டம் 10 ஆண்டும், புதுப்பித்தால் மேலும் 5 ஆண்டும் காப்புத் தருகிறது. ஆனால் பட்டுப்புடவையின் பூவேலை ஒரு திருமணப் பருவம், ஒரு தீபாவளி என்னும் அளவிலேயே விற்பனையில் முந்தி நிற்கும். ஒரு புடவை வெளியே வந்துவிட்டால், பூதக்கண்ணாடி கொண்டு இழையெண்ணி அதே பூவைக் கணினியில் வரைந்து புதிய அட்டை குத்திவிடலாம். பதிவுக்குச் சென்று வருவதற்குள் பருவம் கழிந்துவிடும் என்று துணிவணிகர் கருதுவது அவர்தம் கணக்கில் சரியே. எனவே அவர் நம்புவது முந்தும் காலத்தை. வேட்டித்துணி காப்பது அந்தச் சில திங்களை மட்டுமே. பின் அப்பூ ஊர்ப்பூவாகிவிடும். அடுத்த ஆண்டு எதிர்வீட்டுத் தறியிலும் அது மலரும். அதனைக் கண்டு எவரும் சினப்பதில்லை.

என் கவலை பூவைப் பற்றியது அன்று. தறியின் உறுப்புகளில் புதியது காண்போரைப் பற்றியது. தெலங்கானத்தின் போச்சம்பள்ளிப் புடவைக்கு, நெய்யுமுன் நூலை முளைகளின்மேல் வளைத்துச் சுற்றும் 'ஆசு' என்னும் வேலை உண்டு. ஒரு புடவைக்கு ஏறத்தாழ 9,000 முறை கையை வீசி வீசிச் சுற்ற வேண்டும். தம் தாயின் தோள்வலியைக் கண்டு பொறாத சிந்தகிந்தி மல்லேசம், பல ஆண்டு முயன்று 1999இல் அதற்கொரு பொறியை நிறைவாக்கினார், தாயின் பெயரால் அதற்கு 'இலட்சுமி ஆசுப்பொறி' என்று பெயரிட்டார், காப்புரிமையும் பெற்றார், 2017இல் பத்மசிறீ விருது அவரை அடைந்தது. அவர் உரிமை பெற்றதால் அப்பொறி பூட்டப்படவில்லை. நெசவாளர் வீடுகளுக்கே அது சென்றது.

ஆரணியில் ஓர் இளைஞர், கோர்வைக் கரை போடும்போது மறுபக்கம் நாடா எறிவதற்கு வேறோர் ஆள் வேண்டாதவாறு ஓர் இணைப்பைத் தம் தறியில் பொருத்துகிறார் என்று கொள்வோம். அது மரபறிவு அன்று, அவருடைய ஆக்கம். அவர் செய்யத் தக்கது எது? முதலில் முன்வரைவு ஒன்றை எழுதிச் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் பதியலாம். முழு விரித்துரையை அளிக்க அதன்பின் 12 திங்கள் இடமுண்டு. தனியாளுக்குக் கட்டணம் நிறுவனத்திற்குரியதை விடக் குறைவு. உரிமையைத் தம் பெயரிலோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரிலோ பெறலாம். பெற்றபின், கைத்தறி நெய்வோர் அனைவரும் விலையின்றி ஆளலாம், அதனை மேம்படுத்துவோர் மேம்பாட்டைச் சங்கத்திற்கும் சொல்ல வேண்டும், ஆலையில் செய்து விற்போர் மட்டும் உரிமத்தொகை தர வேண்டும் என்று உரிமம் எழுதலாம். சக்கார்டுக்குத் தறிதோறும் வகுக்கப்பட்ட 50 பிராங்கும், அப்பாச்சி உரிமத்தின் கட்டுறவும், காப்புரிமைக் குளத்தின் ஒழுங்கும் அந்த ஒரு தாளில் அடங்கும். அத்தகைய உரிமத்தைத் தமிழிலேயே எழுதவும் முடியும்: ஆக்குநர், உரிமம் பெறுநர், மேம்பாட்டு மீட்சி, உரிமத்தொகை, வழக்கால் இழத்தல் என்று சொற்கள் அணியமாக நிற்கின்றன.

ஒரு வரிசை மட்டும் பிறழலாகாது. பதிவு முந்த வேண்டும், காட்டுதல் பிந்த வேண்டும். ஊரார் முன் இயக்கிக் காட்டிவிட்டால் புதுமை அழிந்தது என்று சட்டம் கொள்ளக்கூடும். அதன்பின் உரிமையும் இல்லை, அதனைக் கட்டுறவோடு பொதுவாக்கும் வாய்ப்பும் இல்லை. இவ்வொழுங்கு ஆரணிக்குக் கடினமானது. அங்குத் தறிவீட்டின் கதவு பகல் முழுதும் தெருவை நோக்கித் திறந்தே கிடக்கும். தறியின் ஒலி சற்று மாறினாலும் எதிர்வீட்டு மாமா திண்ணையிலிருந்து எழுந்து வந்து, என்ன புதுசா மாட்டியிருக்கே என்று கேட்பார். இளைஞர் அன்று மட்டும், முன்வரைவு பதிந்த எண் கைக்கு வரும்வரை, அந்த இணைப்பின்மேல் ஒரு துணியைப் போர்த்தி வைக்க வேண்டும்.